இணையர் வன்முறையின் உளவியல், நடத்தைசார் ஆபத்துக் காரணிகள்: குடிக்கும் கோபத்துக்கும் அப்பால்

மனைவி கொலை பற்றிய நாளிதழ்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றின் வரிசை மனப்பாடமாகியிருக்கும். நடத்தையில் சந்தேகம், அடிக்கடி தகராறு, கோபித்துக்கொண்டு தாய்வீடு சென்ற மனைவி, குடும்பம் நடத்த வருமாறு அழைக்கப் போன கணவர், வாக்குவாதம், கடைசியில் ஆத்திரத்தில் வெட்டு. செய்தி அந்த ஆத்திரத்தைத்தான் காரணமாக நிறுத்துகிறது. அதற்கு முன்னால் உள்ளவையெல்லாம் வெறும் பின்னணியாகிவிடுகின்றன. உயிராபத்தை முன்கூட்டியே காட்டக்கூடியவை அந்தப் பின்னணியில்தான் இருக்கின்றன என்பதும், காவல் நிலைய விசாரணையும் குடும்ப ஆலோசனையும் அவற்றைக் கேட்டறியும்படி மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடு மட்டுமே. ஆகவே ஒரு பெண் வாசலேறி வந்து வாய்திறக்கும் அந்த முதல் அரைமணி நேரத்தில் அவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது மிக முக்கியம்.

முதலில் கேட்கப்படுவது குடியைப் பற்றி. அதில் நியாயம் உண்டு. அதே கணக்கெடுப்பில், கணவர் அடிக்கடி போதையில் இருப்பதாகச் சொன்ன பெண்களில் 70 விழுக்காட்டினர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். கணவர் குடிக்காத பெண்களிடையே அது 23 விழுக்காடு. இந்த இடைவெளியை யாரும் புறந்தள்ள முடியாது. ஆனால் குடியே காரணம் என்றால் அந்த 23 விழுக்காட்டை எப்படி விளக்குவது? மதுக்கடை வாசலில் காவலரைக் கண்டதும் கைகட்டி நிற்கும் அதே மனிதர், வீட்டுக்கு வந்ததும் கை ஓங்குகிறார். போதை அடியின் வேகத்தையும் எண்ணிக்கையையும் கூட்டுகிறது; யாரை அடிக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதற்கான அனுமதி வேறிடத்திலிருந்து வருகிறது. சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சரியாகச் சமைக்காதது போன்ற ஏழு காரணங்களில் ஒன்றுக்காவது மனைவியை அடிப்பது சரியே என்று இந்தியாவில் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆளுமை சார்ந்த ஆய்வுகள் இன்னும் சற்று உள்ளே போகின்றன. ஏமி ஹோல்ட்ஸ்வொர்த்-மன்ரோவும் கிரெகரி ஸ்டூவர்ட்டும் 1994இல் வன்முறையாளர்களை மூவகையாகப் பிரித்தார்கள்: குடும்பத்துக்குள் மட்டும் அடிப்பவர்கள், மனநிலை தத்தளித்துக்கொண்டே இருப்பவர்கள், எங்கும் எவரிடமும் வன்முறை காட்டுபவர்கள். இரண்டாம் வகையினரை நெடுங்காலம் ஆராய்ந்த கனடிய உளவியலாளர் டொனால்ட் டட்டன், கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற அச்சமும் சிறுவயதில் பட்ட அவமானமும் அவர்களிடம் பொறாமையாகவும் சினமாகவும் வெளிப்படுவதை விளக்கினார். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்வதும் வலுவான ஆபத்துக் காரணியே. ஆனால் ஆபத்துக் காரணி தலையெழுத்து அல்ல. அப்படி வளர்ந்த ஆண்கள் பலர் தங்கள் மனைவியை ஒருநாளும் தொட்டு அடித்ததில்லை. காயப்பட்ட குழந்தைப் பருவம் விளக்கமாகலாம், மன்னிப்புச் சீட்டாகாது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடக் கவனத்துக்குரியது அடக்கியாளும் கட்டுப்பாடு. ஈவன் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல் இதை மையத்துக்குக் கொண்டுவந்தது. 2015இல் இங்கிலாந்தும் வேல்ஸும் இதைத் தனிக் குற்றமாக்கின. நம் ஊரில் இதன் முகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனைவியின் கைப்பேசிக் கடவுச்சொல் கணவரிடம் இருக்கும். வேலை முடிந்து பத்து நிமிடம் தாமதமானால் எந்தப் பேருந்து, யார் பக்கத்தில் என்ற விசாரணை. சம்பளம் வந்த அன்றே ஏடிஎம் அட்டை கைமாறும். அம்மாவோடு பேசுவதும் ஸ்பீக்கரில்தான். இவற்றில் ஒன்றும் காயம் ஏற்படுத்துவதில்லை என்பதால் அக்கம்பக்கத்தார் இதை ‘ரொம்பப் பாசம், அதான் கொஞ்சம் சந்தேகம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் அமெரிக்காவின் 11 நகரங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு சான்று. கொல்லப்பட்ட 220 பெண்களின் நிலைமையை, வன்முறைக்கு ஆளாகியும் உயிரோடிருந்த 343 பெண்களின் நிலைமையோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆணின் வேலையின்மை, கைக்கெட்டும் துப்பாக்கி, ஆயுதம் காட்டி மிரட்டியது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஆணோடு சேர்ந்து வாழ்ந்த பின் பிரிந்த பெண்ணுக்குக் கொலையாகும் ஆபத்து 9 மடங்கானது. குடும்ப வன்முறைக்காக ஆண் முன்பே கைது செய்யப்பட்டிருந்தால் அந்த ஆபத்து குறைந்தே காணப்பட்டது. பிரியாதே என்று பெண்ணுக்கு அறிவுரை சொல்ல இந்த முடிவைப் பயன்படுத்துவது கொடுமை. பிரியும் நாட்களில் காவல் தேவை என்பதே இதன் பொருள். தாய்வீட்டு வாசலில் நடக்கும் கொலைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் தற்செயலாகத் தோன்றாது.

இன்னொன்று, கழுத்தை நெரிப்பது. முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று நான்சி கிளாஸ் குழுவினர் 2008இல் கண்டறிந்தார்கள். கழுத்து நாளங்கள் அழுத்தப்பட்டால் சில நொடிகளில் நினைவு தப்பும். அப்படியிருந்தும், சான் டியேகோவில் காவல்துறைக்கு வந்த 300 வழக்குகளை ஆராய்ந்தபோது பாதிப் பேரின் உடலில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. காயத்தைக் காட்டு என்று கேட்கும் விசாரணை, மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவரைத்தான் வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

இங்கே வழக்கமாக நடப்பது என்ன? இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனி குடிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி, சேர்த்து அனுப்புவது. கட்டுப்படுத்துபவருக்கு இது தோல்வியல்ல, மனைவி திரும்பக் கிடைக்கும் வழி.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் படிவம் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே இருக்கிறது. மனு தாக்கலாகும்போது பாதுகாப்பு அலுவலர் அதைப் பெண்ணோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். அப்போது, எழுதி வாங்குவதற்கு முன்பே, கணவர் இல்லாத தனியறையில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: கழுத்தை நெரித்திருக்கிறாரா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா? எங்கே போனாலும் பின்தொடர்கிறாரா? பிரிந்து போகப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டீர்களா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் அன்று சமரசப் பேச்சை நிறுத்துங்கள்; அந்தப் பெண்ணுக்குத் தங்குமிடமும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையும் கிடைக்க வழிசெய்யுங்கள்.