கென்னோவும் கோபால்பாபுவும்

மரவட்டைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? எங்கள் பக்கம் பெரியவர்கள் மரவட்டை என்பார்கள், வாண்டுகளுக்கு அது ரயில் பூச்சி. தொட்டால் காசு மாதிரி சுருண்டுகொள்ளும். கொல்கத்தாவில் அதற்குப் பெயர் கென்னோ. ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் பால்கனி, குளியலறை, செருப்பு அலமாரி என்று எங்கு பார்த்தாலும் செங்கல் நிறத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். தூங்கும்போது காதுக்குள் புகுந்துவிடும் என்று நம் பாட்டிகள் பயமுறுத்திய அதே கதையைத்தான் பக்கத்து வீட்டு மாஷிமாவும் சொல்கிறார். காது விஷயத்தில் வங்காளிக்கும் தமிழனுக்கும் பேதமே இல்லை :-)

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இந்த மழைக்காலத்தில் ஒரு ஆசை வந்தது. கென்னோ வளர்க்க வேண்டுமாம். தங்கமணி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பூச்சி வளர்க்கவா ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தோம்?"

நியாயமான கேள்விதான். வெளியூர் வந்து குடும்பம் நடத்தும் நம் எல்லோருக்கும் தெரிந்த கேள்வியும்கூட. படிப்பு, மார்க்கு, டிகிரி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். ஆனால் இந்த ஊரில் பூச்சி வளர்த்தே பேர் வாங்கிய ஒரு மனிதர் இருந்தார். அவரிடம் டிகிரியும் இல்லை. பெயர் கோபால் சந்திர பட்டாச்சார்யா. கொல்கத்தாவில் இருபது வருடம் இருக்கும் தமிழர்களிடம் கேட்டாலும் தெரியாது என்பார்கள். தாகூர் தெரியும், ரே தெரியும், சௌரவ் கங்குலி தெரியும். இவர் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

1895ல் பிறந்தவர். ஊர் ஃபரீத்பூர் ஜில்லா லோன்சிங் கிராமம், இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. அப்பா புரோகிதர், பையனுக்கு ஐந்து வயதிருக்கும்போதே காலமாகிவிட்டார். வறுமை. மெட்ரிகுலேஷன் தேறி, மைமன்சிங்கில் காலேஜ் சேர்ந்து, பணமில்லாமல் பாதியில் நின்றார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பிறகு கொல்கத்தா வந்து டெலிபோன் ஆபரேட்டர்.

ஊரில் வாத்தியாராக இருந்தபோது நடந்ததாக அவர் எழுதியிருக்கும் விஷயம் சுவாரசியமானது. காட்டுப் பக்கம் ஒரு பாழடைந்த இடத்தில் மழைக்கால ராத்திரிகளில் வெளிச்சம் தெரியும், அது பேய்த் தீ என்று ஊரே நம்பியது. நம் ஊர் கொள்ளிவாய்ப் பிசாசு மாதிரிதான். இவர் ஒரு மழை ராத்திரியில் கிளம்பிப் போய்ப் பார்த்தால், உளுத்துப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை மினுமினுத்துக்கொண்டிருக்கிறது! மட்கிய மரத்தில் படரும் சிலவகைக் காளான்களுக்கு அப்படி ஒளிரும் குணம் உண்டு. இதைப் பற்றி அவர் 'ப்ரவாசி' பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஜகதீஷ் சந்திர போஸின் கண்ணில் பட்டது. அதே போஸ்தான், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று நம் பள்ளிப் பாடத்தில் வருவாரே அவர். கூப்பிட்டு அனுப்பினார். 1921ல் டெலிபோன் ஆபரேட்டர் போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டார். ('ப்ரவாசி' என்றால் வெளியூரில் வாழ்பவன். அந்தப் பத்திரிகையை ராமானந்த சாட்டர்ஜி 1901ல் தொடங்கியது அலகாபாத்தில். நம் கட்சி!)

போஸ் நிலையம் 1917ல் தொடங்கியது. ராஜாபஜார் சயன்ஸ் காலேஜுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கட்டடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. புது வளாகம் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில், ஐடி கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிறது. நம் ஆட்கள் பல பேர் தினமும் அதைக் கடந்துதான் ஆபீஸ் போகிறார்கள்.

அங்கே கோபால்பாபு என்ன செய்தார்? நாம் செருப்பால் அடிப்பதையெல்லாம் பிடித்து வளர்த்தார். சிலந்தி, எறும்பு, புழு, தலைப்பிரட்டை. மீன் பிடித்துத் தின்னும் சிலந்தி, எறும்பு மாதிரி வேஷம் போடும் சிலந்தி இவற்றைப் பற்றியெல்லாம் பல நாள் கண்கொட்டாமல் பார்த்து எழுதினார். ஆனால் அவருடைய பெரிய வேலை முசுறு எறும்பில். மாமரத்தில் ஏறிக் கடி வாங்கியவர்களுக்கு முசுறு யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வங்காளத்தில் அதற்கு நால்சோ என்று பெயர். பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்களின் வாயில் வரும் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. இலையைப் பிரித்தால் கூடு போச்சு, கையும் போச்சு. அதனால் உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி செயற்கைக் கூடுகளில் அவற்றை வளர்த்தார்.

அவர் கேட்ட கேள்வி இது. ஒரே கூட்டில் ராணியும் இருக்கிறது, வேலைக்காரியும் இருக்கிறது. இரண்டும் முட்டையிலிருந்துதான் வருகின்றன. எது ராணியாகும், எது வேலைக்காரியாகும் என்று யார் தீர்மானிப்பது? புழுவுக்கு ஊட்டும் உணவுதான் என்று சோதனை செய்து 1943ல் போஸ் நிலையத்தின் ஆய்வு வெளியீட்டில் எழுதினார். இன்றைக்கு இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. உணவு, ஹார்மோன், சில இனங்களில் பரம்பரைக் கூறு என்று எல்லாமே சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனாலும் அந்தக் காலத்தில், உலக யுத்தத்துக்கும் பஞ்சத்துக்கும் நடுவில், கொல்கத்தாவில் ஒருவர் எறும்புக்கு ஊட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது. 1943 வங்கப் பஞ்சம் இதே தெருக்களில்தான் நடந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே ஊரில், சௌரங்கியில், 1814ல் தொடங்கிய இந்தியன் மியூசியம் இருக்கிறது. அந்த மியூசியத்தின் வெளியீடாக 1936ல் இந்திய மரவட்டைகள் பற்றி ஒரு பெரிய நூல் வந்தது. எழுதியவர் அட்டெம்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர், வியன்னாக்காரர். எத்தனை கணு, எத்தனை கால், எந்தக் கால் எப்படி வளைந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக எழுதியிருப்பார். அசாத்தியமான உழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையெல்லாம் ஸ்பிரிட்டில் போட்ட செத்த மரவட்டையை வைத்துச் செய்வது. உயிரோடு இருக்கும் மரவட்டை என்ன தின்னும், எங்கே முட்டை வைக்கும், குட்டிக்கு எத்தனை கால் என்பதெல்லாம் ஜாடியில் தெரியாது. அதற்கு வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோபால்பாபு மாதிரி ஆட்கள் அங்கேதான் வருகிறார்கள்.

வந்ததற்கு மரியாதை கிடைத்ததா என்றால், அரைகுறைதான். பட்டம் இல்லாதவர் என்று விஞ்ஞானிகள் வட்டாரத்தில் பலர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் அதற்காக உட்கார்ந்து அழுததாகத் தெரியவில்லை. சத்யேந்திரநாத் போஸ் 1948ல் வங்க மொழியில் அறிவியல் பரப்ப ஒரு பரிஷத் தொடங்கியபோது கூடவே நின்றார், அதன் 'ஞான் ஓ பிஞ்ஞான்' பத்திரிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். நூற்றுக்கணக்கில் கட்டுரைகள், எல்லாம் வங்காளியில். குழந்தைகளுக்கு 'கோரே தேகோ' என்று ஒரு வரிசை. செய்து பார் என்று அர்த்தம். 1968ல் ஆனந்த புரஸ்கார், 'பாங்லார் கீட்பதங்க' என்ற பூச்சிப் புத்தகத்துக்காக 1975ல் ரவீந்திர புரஸ்கார். கொல்கத்தா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1981ல். அவர் இறந்ததும் 1981ல்தான், ஏப்ரலில். காலேஜை விட்டு அறுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்த டிகிரி.

தமிழில் அப்படி யார் என்று கேட்பீர்கள். சட்டென்று நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழிலும் எழுதினார். ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு 1950 முதல் 1996ல் இறக்கும் வரை அவர் விடாமல் எழுதிய இயற்கைப் பத்தி வெளிவந்தது கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில், இங்கிலீஷில்! நாற்பத்தாறு வருடம். பக்கத்து வீட்டு மாஷிமாவின் அப்பா அதை விடாமல் படிப்பாராம். அவர் தமிழர் என்று நான் சொல்லித்தான் மாஷிமாவுக்கே தெரியும்.

நம் பக்கத்து மரவட்டைகளையும் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கூரை வீடுகளில் மேலிருந்து பொத்து பொத்தென்று விழுமே, அந்த இனத்தை வைத்து மதுரையில் ஆய்வு நடந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டால் கோலிக்குண்டாக உருளும் பெரிய இனம் ஒன்று உண்டு. மங்களூர் பல்கலைக்கழகத்தில் அதற்கு இலைதழை போட்டு, அது போடும் புழுக்கையை உரமாக்க முடியுமா என்று பார்த்தார்கள். மண்புழு உரம் மாதிரி மரவட்டை உரம். முடியும் என்றுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவின் ராட்சத மரவட்டை முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வளரும், அதைச் செல்லப்பிராணியாக விற்கிறார்கள். ஜப்பானில் கதையே வேறு. அங்கே ஒரு இனம் எட்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். 1920ல் தண்டவாளத்தை மூடி ரயிலையே நிறுத்திவிட்டதாம். ரயில் பூச்சி என்று பெயர் வைத்த நம்மூர் வாண்டுகள் கேட்டால் குதிப்பார்கள்.

சரி, வளர்க்க என்ன வேண்டும்? எங்கள் வீட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை. அடியில் நான்கு விரற்கடை மண், அதன் மேல் மட்கிய இலை, உளுத்த மரத்துண்டு. இதுதான் படுக்கை, இதுதான் சாப்பாடு. பூச்சிமருந்து அடித்த பார்க்கிலிருந்து இலை எடுக்கக் கூடாது. ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவ வேண்டும். வெள்ளரித் துண்டு தீபாவளி பலகாரம் மாதிரி. ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. சில நாள் மண்ணுக்குள் போய் ஆளே வராது. செத்துவிட்டது என்று தோண்டக் கூடாது, சட்டை உரித்துக்கொண்டிருக்கும். உரித்த சட்டையைத் தானே தின்னும். முட்டையிலிருந்து வரும் குட்டிக்குப் பெரும்பாலும் மூன்று ஜோடிக் கால்தான். ஒவ்வொரு உரிப்பிலும் கணுவும் காலும் கூடிக்கொண்டே போகும்.

கடிக்காது. ஆனால் பயந்தால் மஞ்சளாக ஒரு நீர் விடும், விரலில் பட்டால் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூரானை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கணுவுக்கு ஒரு ஜோடிக் கால், தட்டை உடம்பு, கடி உண்டு. மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி.

வீட்டு நிலவரம்: தங்கமணி டப்பாவைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டார். பால்கனியில் இரண்டு இருக்கின்றன. மகள் ஒன்றுக்கு மரவட்டை என்றும் இன்னொன்றுக்குக் கென்னோ என்றும் பெயர் வைத்திருக்கிறாள். குட்டி எப்போது வரும் என்று தினமும் கேட்டாள். ஆணுக்கு ஏழாவது கணுவில் நடக்கும் கால் இருக்காது, அந்த இடத்தில் இனப்பெருக்க உறுப்பு இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தோம். இரண்டுமே ஆண்.

அடுத்த மழைக்கு மாஷிமா வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கு அடியில் தேடுவதாக ஏற்பாடு. மாஷிமாவும் சரி என்றுவிட்டார், காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாராம்.