ஏவியது கைக்குத் திரும்ப வேண்டும்



லெம்பா பெர்த்தாமில் சமதரை அரிது. திடலின் ஓரத்தைத் தாண்டினால் தேயிலைச் சரிவுதான். மாணவர் பல நாள் உழைத்துச் செய்த மாதிரி ராக்கெட் ஒரே காற்றில் செடிகளுக்குள் மறைந்துவிடும். இத்தொல்லை புதியதன்று. ஏவியதைக் கண்டெடுத்தே தீர வேண்டிய கட்டாயத்தோடு ஒருவர் 1930-களிலேயே உழைத்திருக்கிறார்.

அவர் ஸ்டீபன் ஸ்மித். 1891-இல் ஷில்லாங்கில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர். அவர் ராக்கெட்டில் அனுப்பியவை கடிதங்கள். ஆகவே அது பறந்தால் மட்டும் போதாது. விழுந்ததை ஒருவர் தேடி எடுத்தாக வேண்டும், இல்லையேல் அஞ்சல் என்பதற்கே பொருளில்லை. 1934 செப்டம்பர் 30-இல் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி அவர் ஏவிய ராக்கெட் வானிலேயே வெடித்தது, கடிதங்கள் சிதறின. மனிதர் சளைக்கவில்லை. 1935-இல் சிக்கிம் மன்னர் தாஷி நம்கியாலின் ஆதரவோடு, நம் மலையைப் போலவே சரிவுகள் நிறைந்த அந்நாட்டில் ஏவினார். அதே ஆண்டு ஜூன் 29-இல் தாமோதர் ஆற்றுக்கு மேலாக ஒரு சேவலையும் ஒரு கோழியையும் அனுப்பினார். இரண்டும் உயிரோடு இறங்கின. (அவற்றின் சம்மதத்தை யார் கேட்டார்!) 1992-இல் இந்திய அஞ்சல் துறை ஸ்மித்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

சேதமின்றி இறங்கி மீண்டும் பறக்கும் சிறு ராக்கெட்டை 1954-இல் உருவாக்கியவர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் காலணிக் கடைக்காரர் ஆர்வில் கார்லைல். தம்முடைய ராக்கெட்டுக்குள் அவர் வான்குடையை மடித்து வைத்தார். எளிய தீர்வுதான், ஆனால், காற்று வீசும் சிறு திடலில் அவ்வான்குடையே பகையாகிவிடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்தில் விரிந்த வான்குடை வினாடிக்கு 4 மீட்டர் இறங்கினால், தரைதொட 25 வினாடி ஆகும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசினால் ராக்கெட் 125 மீட்டர் தள்ளிப் போகும். வான்குடைக்குப் பதிலாக நீண்ட நாடாவைக் கட்டி, இறங்கும் வேகத்தை இருமடங்காக்கினால் அத்தொலைவு பாதியாகும். உயரத்தைக் குறைத்தாலும் அவ்வாறே. வால் இறகுள்ள ராக்கெட் ஏறும்போது காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும் என்பதையும் மறக்கலாகாது. ஏறுகையில் எதிர்த்துச் செல்வது, இறங்குகையில் அடித்துச் செல்லப்படும்.

நாடா செம்மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளை நாடா நம் மூடுபனியில் கண்ணுக்குப் படாது. பச்சையோ தேயிலையோடு தேயிலையாகிவிடும்.