பிழிதலும் முறுக்குதலும்: ஒரு வினைச்சொல்லும் ஒரு கொடுமையின் வரலாறும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டது கோவிந்தாபுரம். சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. ஆனால் சாவடிக்கு இருபுறமும் உள்ள அடுக்களைகளில் ஒரு வினைச்சொல் மாறுவதில்லை. துருவிய தேங்காயிலிருந்து பால் எடுப்பதைத் தமிழர் 'பிழிதல்' என்பர். மலையாளிகள் 'பிழியுக' என்பர். ழகரம்கூட இரு மொழியிலும் தேயாமல் நிற்கிறது. எண்ணெயில் நனைத்த துணியை உடல்மேல் பிழியும் கேரள மருத்துவ முறைக்குப் 'பிழிச்சில்' என்று பெயர். கன்னடத்தின் 'ஹிண்டு', தெலுங்கின் 'பிண்டு' ஆகியவற்றையும் இந்தச் சொல்லின் உறவுகளாகவே திராவிடச் சொற்பிறப்பியல் அறிஞர்கள் கொள்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று மொழியை அடிப்படையாகக் கொண்டு மாநிலங்கள் பிரிந்தபோது வரையப்பட்ட எல்லையைக் காட்டிலும் இவ்வினைச்சொல் மிகப் பழையது.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது 'வ்ரிங்' என்னும் வினை. முதலெழுத்தான வகர ஒலி இன்று எழுத்தில் மட்டுமே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் அது ஒலிக்கப்பட்டது. முறுக்குதல், முறுக்கிப் பிழிதல் ஆகிய இரண்டையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். ஆனால் அதைத் தமிழில் பெயர்க்க முனைவோருக்கு ஒரு சொல் போதாது. ஈரத்துணி என்றால் பிழிகிறோம். கோழியின் கழுத்து என்றால் திருகுகிறோம். செய்வதறியாது நிற்பவன் கையைப் பிசைகிறான். துயரம் நெஞ்சைப் பிழிகிறது. ஒருவரிடமிருந்து பணத்தையோ உண்மையையோ வற்புறுத்தி வாங்குவதைக் 'கறத்தல்' என்கிறோம். ஆங்கிலேயர் இவை அனைத்துக்கும் அந்த ஒரே வினையைப் பயன்படுத்துவர்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரு மொழிகளும் ஒரே செயலை வெவ்வேறு முனையிலிருந்து நோக்குவதே. ஆங்கிலச் சொல் கையின் அசைவைப் பற்றி நிற்கிறது. முறுக்கு இருந்தால் போதும், ஏதேனும் வெளிவந்தாக வேண்டும் என்பதில்லை. தமிழ்ச் சொல்லோ வெளிவருவதைப் பற்றி நிற்கிறது. சங்கப் பாடல்களில் 'பிழி' என்பது வினை மட்டுமன்று. கள்ளுக்கும் அதுவே பெயர். பிழிந்து எடுத்த பொருளுக்குப் பிழிதலின் பெயரே அமைந்துவிட்டது. கையின் அசைவைத் தனியே சொல்ல வேண்டுமெனில் தமிழ் 'முறுக்கு' என்னும் வேறு சொல்லை நாடும். இவ்விரண்டும் கூடும் இடம் தீபாவளி அடுக்களை: அங்கே 'முறுக்குப் பிழிகிறார்கள்'. முறுக்கு என்பது வடிவம். பிழிதல் என்பது மாவை அச்சின் துளைவழியே வெளியேற்றும் செயல்.

முறுக்குதல் என்னும் கருத்து ஆங்கிலத்தில் அறத்தின் எல்லை வரை நீள்கிறது. 'தவறு', 'அநீதி' எனப் பொருள்படும் 'ராங்' என்னும் ஆங்கிலச் சொல், ஸ்காண்டிநேவிய மொழி வழியாக வந்தது. 'வ்ரிங்' என்பதன் உறவினம். அதன் மூலப்பொருள் 'கோணியது', 'முறுகியது' என்பதாகும். தமிழுக்கு இக்கருத்து அயலானதன்று. வளைந்த கோலே 'கொடுங்கோல்'. நேரிய கோல் 'செங்கோல்'. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வன் வழியில் நின்று கேட்பதற்கு ஒப்பிடுகிறார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த புறநானூற்றுப் பாடல், அளவறியாது வரி கொள்ளும் அரசை வயலுக்குள் புகுந்த யானையாகக் காட்டுகிறது. அந்த யானை உண்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி.

வரியும் முறுக்கும் சந்திக்கும் இடம் ஆங்கிலச் சொல்வரலாற்றில் இன்னும் வெளிப்படையானது. மிரட்டிப் பணம் பறித்தலைக் குறிக்கும் 'எக்ஸ்டார்ட்', சித்திரவதையைக் குறிக்கும் 'டார்ச்சர்' ஆகிய இரண்டும் 'முறுக்கு' எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. ஒன்று முறுக்கி வெளியே எடுத்தல், மற்றொன்று முறுக்குதலே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் இவ்விரு சொற்களும் ஒரே கோப்பில் இடம்பெற்றன. அக்காலத்தில் மலபாரும் கோயம்புத்தூரும் அம்மாகாணத்தின் மாவட்டங்கள்; இடையே சித்தூர்ப் பகுதி கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரித்தண்டலில் குடியானவர்கள் வதைக்கப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு 1854ஆம் ஆண்டு இலண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைந்தது. குழுவுக்கு 1,959 முறையீடுகள் வந்தன. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து சொன்னவை. ஏனையவை எழுத்தில் வந்தவை. வரிப்பாக்கியை வசூலிக்கவும், காவல் விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் வதை வழக்கமாகவே கையாளப்படுகிறது என்று 1855இல் குழு அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கையில் இரு தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கில எழுத்தில் ஏறின. ஒன்று, உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து நிறுத்தும் 'அண்ணந்தாள்'. மற்றொன்று 'கிட்டி'. பல் கிட்டிப்போதல் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நெருக்கத்தின் பெயர்தான் கருவிக்கும். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரு கழிகள். இடையில் விரல்களை வைத்து நெரிப்பார்கள். இதை இங்கிலாந்தில் இருக்கும் வாசகருக்கு விளக்க அக்குழு தேர்ந்த உவமை, எலுமிச்சை பிழியும் கருவி. கிட்டி வழக்கொழிந்த ஊர்களிலும் வதை ஒழியவில்லை என்பதையும் குழு பதிவுசெய்தது. விரல்களைக் கோக்கச் சொல்லிச் சேவகர்கள் தம் கைகளாலேயே இறுக்கினர்; பிடி வழுக்காதிருக்கச் சில வேளை மணலையும் சேர்த்துக்கொண்டனர்.

கிட்டியை விளக்க வந்த ஆங்கிலேயர், முறுக்கைக் குறிக்கும் தம் சொற்களை விட்டு, அடுக்களையில் சாறெடுக்கும் கருவியை நாடியது கவனத்துக்கு உரியது. அந்தக் கருவியின் நோக்கம் வெளிவருவதில்தான் இருந்தது. பிழியப்பட்டது உழவன் கை. சொட்டியது அரசின் வருவாய். இந்த உண்மையை உவமை சொல்லிவிட்டது. ஆனால் அறிக்கையின் முடிவு அவ்வளவு தூரம் செல்லவில்லை. பழி பெரிதும் உள்நாட்டுக் கீழ்நிலை அலுவலர்மீது சுமத்தப்பட்டது. ஐரோப்பிய அதிகாரிகள் பொதுவாக விடுவிக்கப்பட்டனர். இந்த விடுவிப்பையே கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் எழுதிய கட்டுரையில் கேள்விக்கு உட்படுத்தினார். அவர் சான்றாகக் கொண்டது இதே அறிக்கையை.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, ஒப்புதல் வாக்குமூலத்தையோ பொருளையோ பறிப்பதற்காகக் காயம் விளைவிப்பதைக் குற்றமாக்கியது. அப்பிரிவு தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று: வரிப்பாக்கியைச் செலுத்தவைக்க ஒருவரை வதைக்கும் வருவாய் அலுவலர். சட்டநூல் கற்பனையாக எழுதிய வழக்கன்று அது. சென்னைக்கு நடந்து வந்து கையைக் காட்டியவர்களின் அனுபவமும் அதுவே.

இன்று 'கிட்டி' என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது கிட்டிப்புள் விளையாட்டு மட்டுமே. கருவியின் பெயர் மறைந்தாலும் வினை மறையவில்லை. கூலி குறைவாகவும் வேலை மிகுதியாகவும் இருக்கும் இடத்தைப் பற்றிக் 'கசக்கிப் பிழிகிறார்கள்' என்று சொல்லாத தமிழ்த் தொழிலாளி இல்லை. அத்தொடரில் இரு செயல்களும் உள்ளன: கசக்குதல் உடலின்மேல் நடப்பது, பிழிதல் வேறொருவருக்குச் சேர்வது. 'வ்ரிங்' என்னும் ஆங்கில வினையைத் தமிழாக்குவோர் அகராதியைத் திறக்கும் முன் இவ்விரு கேள்விகளையும் கேட்டுக்கொள்வது நலம்: முறுகியது எது? வெளிவந்தது யாருக்குப் போயிற்று? வரலாற்று ஆவணங்களைப் படிப்போருக்கும் அதே கேள்விகள் பொருந்தும்.