கொள்ளைநோய்ச் சமன்பாடும் கோழிக் கொட்டகையும்: ஒரு வரலாற்று நோக்கு

கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகிய இருவரும் தொற்றுநோய்ப் பரவல் குறித்த கணிதக் கோட்பாட்டை 1927ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். தொற்றுக்கு உள்ளாகக்கூடியோர், தொற்றுற்றோர், குணமடைந்தோ இறந்தோ நீங்கியோர் எனும் முப்பகுப்பு பிற்கால மாதிரிகளுக்கு அடிப்படையாயிற்று.

1905-06இல் பம்பாயில் வாரந்தோறும் பதிவான பிளேக் இறப்புகளோடு அவர்கள் தம் கோட்பாட்டை ஒப்பிட்டனர். வளைகோடு எண்களுடன் நன்கு பொருந்தியது. ஆயினும் பிளேக் அடிப்படையில் எலிகளின் நோய். தெள்ளுப்பூச்சிகள் வழியே மனிதரை அடைவது. மனிதரிடையே காணப்பட்டது எலிகளிடையே நிகழ்ந்த பரவலின் எதிரொளிப்பு எனும் கருதுகோளை அவர்களே வெளிப்படையாகக் குறித்தனர்.

கால்நடை நோயியலும் பின்னர் இப்பகுப்புமுறையை ஏற்றது. இறைச்சிக்கோழிகளில் கேம்பைலோபேக்டர் எனும் பாக்டீரியா பரவுவதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்நுண்ணுயிர் கோழியிடம் பெரும்பாலும் நோய்க்குறி காட்டுவதில்லை. தொற்றுற்ற பறவை பொதுவாக வெட்டப்படும் நாள்வரை அதனைக் குடலில் சுமந்து எச்சத்தின் வழி வெளியேற்றுகிறது. பறவையின் வாழ்நாளோ ஏறத்தாழ ஆறு வாரங்களே. எனவே நீங்கியோர் எனும் பகுப்பு இங்குப் பொருளிழக்க, ஏனைய இரண்டே எஞ்சுகின்றன.

இதனால் ஆய்வு வினாவும் மாறுகிறது. பரவல் எப்போது தானே தணியும் என்பது பம்பாய்க்குரிய வினா. கொட்டகைக்குள் நுழைந்த தொற்று ஒரு வார அளவில் பெரும்பாலான பறவைகளைப் பற்றிவிடுவதால், அது முதலில் நுழைந்த நாள் எது என்பதே இங்கு முதன்மை பெறுகிறது. நுழைவைத் தடுக்கும் அல்லது தாழ்த்தும் தூய்மை நடவடிக்கைகளின் பயனை அந்நாளைக் கொண்டே மாதிரி மதிப்பிட இயலும். சமன்பாட்டின் வடிவத்தை மட்டும் ஏற்று, அதன் கருதுகோள்களை ஆராயாது விடின், அம்மதிப்பீடு பிழைபடும்.