வேலை எந்த வாசல் வழியாகப் போச்சு?

போன மாதம் காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் டவுனில் தறி ஓட்டியவர். திடீரென்று கேட்டார்: "தம்பி, அமெரிக்காவுல வெளிநாட்டுச் சரக்கு வந்து ஃபேக்டரி மூடுனா, கவர்மெண்டே காசு குடுத்து வேற தொழில் கத்துக் குடுக்குமாமே, நெசமா?"

"நெசந்தாங்க ஐயா."

"நம்ம ஊர்ல?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இவை.

முதலில் அமெரிக்கா. 1962இல், கென்னடி காலத்தில் வந்த வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் இந்த உதவி முதன்முதலாக இடம்பெற்றது. சுங்கவரியைக் குறைத்தால் நாட்டுக்கு லாபம். நஷ்டமோ சில ஆலை ஊழியர்கள் தலையில் விழுகிறது. எனவே நாடு அதில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் வேலை போனதற்கு வரிச்சலுகைதான் முக்கியக் காரணம் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். 1969 வரை ஒரு தொழிலாளியாலும் நிரூபிக்க முடியவில்லை. 1974இல் விதியைத் தளர்த்திய பிறகுதான் உதவித்தொகை, மறுபயிற்சி, வேலை தேடி ஊர் மாறும் செலவு எல்லாம் பலருக்குக் கிடைத்தன. 2022 ஜூலை முதல் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது.

இந்தியாவில் இறக்குமதியைக் காரணமாக வைத்து இப்படி ஒரு திட்டம் எனக்குத் தட்டுப்படவில்லை. கிட்டத்தட்ட இருந்தது ஒன்று. 1985 ஜூனில் வந்த ஜவுளிக் கொள்கை, தேறாத ஆலைகளை மூட வழிவிட்டது. அதற்கு ஈடாக 1986 செப்டம்பர் 15 முதல் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவீதம், இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25. மூடிய ஆலையில் தொடர்ந்து 5 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தனியார் ஆலையாக இருக்க வேண்டும்!

புதுச்சேரிக்காரர்கள் இடறுவது இங்கேதான். ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏஎஃப்டி 1983இல் மூடியது. போராட்டங்களுக்குப் பிறகு 1986இல் அரசு கைக்கு வந்தது. சுதேசி, பாரதி மில்கள் தேசிய ஜவுளிக் கழகத்திடம் இருந்து 2005இல் புதுச்சேரி அரசிடம் வந்தன. கவர்மெண்ட் மில் ஆனதே பெரிய பாதுகாப்பு என்று ஊரே நம்பியது. ஆனால் அதனாலேயே அந்தத் திட்டத்தின் வாசல் அடைபட்டது. 2011 டிசம்பரில் தானே புயல் ஏஎஃப்டியைச் சிதைத்தது. 2020இல் அது ஒரேயடியாக மூடப்பட்டது. சட்டப்படி மூடல் இழப்பீடு, ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம்தான்.

அரசுத் துறைக்கென்று 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதி வந்ததே என்று கேட்கலாம். மறுபயிற்சியும் அதன் நோக்கம்தான். ஆனால் பணத்தில் பெரும்பகுதி விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை அனுப்பவே போனது. 2000இல் அந்த நிதியும் மூடப்பட்டது. அடுத்த வருஷம், 2001 ஏப்ரல் 1 அன்று, மிச்சமிருந்த 715 பொருட்களுக்கான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. குடையை மடக்கி வைத்த பிறகு மழை வந்த கதை.

சரி, நம் மில்களை மூடியது இறக்குமதிதானா? அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். பழைய இயந்திரம், விசைத்தறிப் போட்டி, தொடர் நஷ்டம், புயல் எல்லாம் சேர்ந்துதான். பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம்மூர் நீலத்துணியான 'கினே' ஒருகாலத்தில் பிரெஞ்சுக் கப்பலேறி செனகல் போய், அங்கே பிசின் வியாபாரத்தில் பணம் போலவே புழங்கியது. பிரெஞ்சுப் பேரரசின் சந்தையை நம்பி வளர்ந்த தொழில் இது. அந்தச் சந்தை கைவிட்டுப் போனதை எந்தக் காரணக் கட்டத்தில் எழுதுவது?

என் சந்தேகம் இதுதான். அமெரிக்கச் சட்டம் "எதனால் மூடியது?" என்று கேட்டது. நம் திட்டம் "யாருடைய ஆலை?" என்று கேட்டது. இரண்டுக்கும் தொழிலாளியால் பதில் சொல்ல முடியாது, சொன்னாலும் அவன் கையில் ஒன்றுமில்லை. 2017இல் அந்த ஜவுளித் திட்டத்தை இஎஸ்ஐயின் வேலையிழப்பு உதவியோடு இணைத்துவிட்டார்கள். காப்பீடு கட்டியவருக்கு முதல் வருஷம் பாதி, இரண்டாம் வருஷம் கால் பங்கு. தொகை குறைந்தது. ஆனால் ஆலை யாருடையது என்பதைவிட, ஆள் காப்பீட்டில் இருந்தாரா என்பது முக்கியமானது. என் கணக்கில் அது சரியான திசை.

1936 ஜூலை 30 அன்று சவானா மில் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. மில்லுக்குள் இருக்கும் நேரத்துக்கு ஊர் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம் அது. மில்லை விட்டு வெளியே வந்த பிறகான நாட்களுக்கு அப்படி ஒன்று இன்னும் நம்மிடம் இல்லை.

பெரியவரை மறுபடி பார்த்தபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க மொதலாளி யாருன்னு பாத்துத்தான் பசிக்குமா தம்பி?" என்றார். அன்றைக்கு டீக்காசை அவரே கொடுத்தார்.