தாயை மறைத்த பெயர்

நன்றி மறந்த பிள்ளைகளைப் பற்றிய கதைகளிற் பெரும்பாலானவை பிள்ளைகளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. பெற்றோரின் தியாகத்தை அறிந்தும் உதறியவர்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. 1939இல் ஹொலிவூட்டின் வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘தி ஓல்ட் மெய்ட்’, அதாவது ‘முதிர்கன்னி’ என்னும் திரைப்படம் இவ்வகையிலிருந்து விலகி நிற்கின்றது. இங்கு மகளுக்குத் தான் பட்ட கடன் இன்னதென்றே தெரியாது. தெரியாமற் செய்தது எது என்பதுதான் வரலாற்று நோக்கில் எழும் வினா.

இதன் மூலக்கதை எடித் வோர்ட்டனுடையது. பழைய நியூயோர்க்கின் செல்வக் குடும்பங்களைப் பற்றி அவர் எழுதிய நான்கு குறுநாவல்கள் 1924இல் ‘ஓல்ட் நியூயோர்க்’ என்ற தலைப்பில் வெளிவந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. ஸோயி ஏகின்ஸ் இதனை நாடகமாக்கி 1935இல் புலிற்சர் பரிசு பெற்றார். எட்மண்ட் கோல்டிங் நெறியாள்கை செய்த திரைப்படமோ கதைக்களத்தைப் பிலடெல்பியாவுக்கும், காலத்தை 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் மாற்றியது.

இம்மாற்றம் கதைக்குப் புதியதொரு கனத்தைக் கொடுத்தது. செல்வந்தரான ரால்ஸ்டன் குடும்பத்தில் டீலியா மணமுடிக்கும் நாளன்று, அவளை முன்னர் விரும்பிய க்ளெம் ஸ்பெண்டர் திரும்பி வருகிறான். உடைந்துபோன அவனுக்கு ஆறுதலாகிறாள் டீலியாவின் ஒன்றுவிட்ட சகோதரி ஷார்லொட். அவன் வடபுலப் படையிற் சேர்ந்து, 1863இல் விக்ஸ்பேர்க்கில் மடிகிறான். ஷார்லொட்டுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. போரினால் அநாதைகளான பிள்ளைகளுக்கென ஓர் இல்லத்தை நடத்தி, தன் மகள் டினாவையும் அவர்களுள் ஒருத்தியாக அவள் மறைத்து வளர்க்கிறாள்.

அந்தப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிலடெல்பியா அமைந்துள்ள பென்சில்வேனியா மாநிலம், மாண்ட படைவீரரின் ஏழைப் பிள்ளைகளைப் பராமரித்துக் கற்பிக்க 1864இல் சட்டமியற்றி, அவர்களுக்கான பாடசாலைகளையும் ஏற்படுத்தியது. டினாவும் போரில் மடிந்த வீரனின் பிள்ளைதான். ஆயினும் பெற்றோர் மணமுடிக்காததால், உண்மையான போர் அநாதையான அவள் பொய்யாகவே போர் அநாதை வேடம் பூண வேண்டியிருந்தது. நாட்டுக்காக உயிர்கொடுத்தவனின் பிள்ளைக்கு ஊர் அளித்த மரியாதை அவ்வளவுதான்.

திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை ஆங்கிலேய மரபுச் சட்டம் ‘எவருடைய பிள்ளையும் அல்ல’ என்றே கொண்டது. அமெரிக்க மாநிலங்கள் பல 19ஆம் நூற்றாண்டில், அத்தகைய பிள்ளை தாயின் சொத்தைப் பெற வழிசெய்தன. எனினும் மேற்குடியினரின் மனம் இளகவில்லை. இவ்விடத்தில் நமது ஃபிக்ஹு அறிஞர்களின் நிலைப்பாடு ஒப்புநோக்கத் தக்கது. அத்தகைய பிள்ளையின் வமிசம் தாயுடன் இணைக்கப்படும். தாயின் சொத்துக்கும் அது வாரிசாகும். பிழையைப் பிழையென்று கூறும் சட்டம், உம்மாவைப் பிள்ளையிடமிருந்து பறிக்கவில்லை.

படத்தில் பறிபோவது அந்த உறவுதான். ஷார்லொட்டின் திருமணத்தை டீலியா ஒரு பொய்யால் தடுத்துவிடுகிறாள். பின்னர் தாயும் மகளும் டீலியாவின் வீட்டிலேயே வாழ நேர்கிறது. டினா டீலியாவை அம்மா என்று அழைத்து வளர்கிறாள். தன்னை எவரும் தாயென்று ஐயுறக் கூடாதென்பதற்காகவே ஷார்லொட் கடுகடுப்பான முதிர்கன்னியாகத் தன்னை ஆக்கிக்கொள்கிறாள். அந்தக் கடுகடுப்பையே மகள் வெறுத்து ஏளனம் செய்கிறாள். தாய் செய்த தியாகமே மகளின் வெறுப்புக்குக் காரணமாகிவிடுகிறது. பெற்றி டேவிஸ் தம் முகத்தை இறுக்கி, குரலை வறளவைத்து இந்த முரணைக் காட்டியிருப்பது அவரது நடிப்பாற்றலுக்குச் சான்று.

டினா விரும்பிய இளைஞனின் குடும்பம் குலப்பெயர் இல்லாத பெண்ணை ஏற்கத் தயங்குகிறது. டீலியா அவளைச் சட்டப்படி தத்தெடுத்து ரால்ஸ்டன் என்ற பெயரை வழங்குகிறாள். நீதிமன்றத்தின் வழியே தத்தெடுக்கும் நவீனச் சட்டத்தை 1851இல் மசாசூசெட்ஸ் முதன்முதலாக இயற்றியிருந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடித்தர வந்த ஏற்பாடு, இக்கதையில் பெற்றவளை முற்றாக அழித்தெழுதும் கருவியாகிறது.

படம் உருவான காலமும் கவனத்திற்குரியது. 1934 முதல் ஹொலிவூட் தனது தணிக்கை விதிகளைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியது. ஒழுக்கம் தவறியவர் துன்புறாமல் விடப்படுவதை அவ்விதிகள் ஏற்கவில்லை. ஷார்லொட்டின் நீண்ட தவிப்பில் 1860களின் ஊர்வாயும் 1930களின் தணிக்கையும் சேர்ந்தே தீர்ப்பெழுதியுள்ளன. க்ளெமோ விக்ஸ்பேர்க் வீரனாகவே நினைவில் நிற்கிறான்.

மகளின் திருமணத்துக்கு முந்திய இரவில் உண்மையைச் சொல்லிவிடத் துணியும் ஷார்லொட், சொல்ல நாவெழாமல் திரும்புகிறாள். மறுநாள் புறப்படும்போது கடைசி முத்தத்தை ஷார்லொட்டுக்குக் கொடுக்குமாறு டீலியா டினாவிடம் கேட்டுக்கொள்கிறாள். காரணம் அறியாமலே டினா முத்தமிடுகிறாள். ஒரு வாழ்நாள் தியாகத்துக்கு அந்தத் தாய் பெற்றது, இன்னொருத்தி கேட்டதற்காக மகள் கொடுத்த அந்த ஒரு முத்தம் மட்டுமே.