ஹார்ன்சீ மின்சாரம் கரையேறும் வழி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி, வடகடலில் நிற்கிறது ‘ஹார்ன்சீ ஒன்று’ காற்றாலைப் பண்ணை. 174 காற்றாலைகள், மொத்தத் திறன் 1,218 மெகாவாட். இறக்கை ஒவ்வொன்றும் 75 மீட்டர் நீளம். படம் எடுக்க வருகிறவர்கள் அந்த இறக்கைகளோடு திரும்பிவிடுகிறார்கள். மின்சாரத்தின் பாடு அதற்குப் பிறகுதான்.

காற்று நிமிடத்துக்கு ஒரு வேகத்தில் அடிக்கும். மின்கட்டமைப்புக்கோ 50 ஹெர்ட்ஸ் பிசகக் கூடாது. அதனால் ஜெனரேட்டரில் பிறந்த மின்சாரத்தைக் காற்றாலைக்குள்ளேயே நேர்திசையாக்கி, மறுபடி 50 ஹெர்ட்ஸ் மாறுதிசையாக்கி அனுப்புகிறது கன்வெர்ட்டர். கடலடி கேபிள்களில் அது மூன்று கடல் துணை மின்நிலையங்களுக்குப் போய், 220 கிலோவோல்ட்டாக உயர்ந்து கரைக்குப் புறப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். கேபிளின் நடுவில் உலோகக் கடத்தி, வெளியே உலோக உறை, இடையில் காப்புப்பொருள். ஆக, முழு நீளமும் ஒரு கெப்பாசிட்டர். விநாடிக்கு நூறு முறை நிரம்பி வடியும் இதற்கே மின்னோட்டத்தில் பெரும் பங்கு போய்விடும். வீட்டுக்குப் போக வேண்டியதற்கு இடம் குறையும். இத்தனை தூரத்துக்கு நேர்திசையே உத்தமம் என்பார்கள். ஹார்ன்சீயைக் கட்டியவர்கள் மாறுதிசையை விடவில்லை. பாதி வழியில் கடலுக்குள் ஒரு மேடை எழுப்பி, அதில் ரியாக்டர் சுருள்களை வைத்துக் கேபிளின் பசியை ஈடுகட்டினார்கள். கடல் காற்றாலைக்கு இப்படியொரு மேடை உலகிலேயே முதல் முறை. துணிச்சல்தான்.

லிங்கன்ஷயரின் ஹார்ஸ்ஷூ பாயின்ட்டில் மின்சாரம் கரையேறி, மண்ணுக்கடியில் சுமார் 40 கிலோமீட்டர் ஓடி, நார்த் கில்லிங்ஹோமில் 400 கிலோவோல்ட் கட்டமைப்பில் சேர்ந்துவிடுகிறது.

2019 ஆகஸ்ட் 9, மாலை 4.52. பண்ணையின் கட்டுமானம் இன்னும் முடியவில்லை. லண்டனுக்கு வடக்கே ஒரு மின்தொடரில் இடி விழுந்தது. வோல்டேஜ் ஆடியது, அதைச் சமாளிக்க வேண்டிய பண்ணையின் கட்டுப்பாட்டு அமைப்பு தானும் சேர்ந்து ஆடியது. 799 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்த பண்ணை கண்மூடித் திறப்பதற்குள் 62-க்கு இறங்கிற்று. லிட்டில் பார்ஃபர்டு எரிவாயு நிலையமும் அதே வேளையில் கைவிட்டது. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்குச் சரிய, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தாமாகத் துண்டிக்கப்பட்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. காற்றும் இருந்தது, இறக்கைகளும் பழுதில்லை.

கட்டுப்பாட்டு மென்பொருளை மறுநாளே திருத்தினார்கள். இரண்டு நிலையங்களின் நிறுவனங்களும் தலா 45 லட்சம் பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டன.